இணைப்பும் இழப்பும்

இக்காலத்தே கல்லூரி, மருத்துவமனை, வங்கி, அரசாங்க அலுவலகம் முதலாய எல்லா நிலையங்களின் அன்றாட வாழ்வும் அட்டவணைகளின்மேல் நடைபெறுகின்றது என்பது யாவரும் அறிந்ததே. முன்னாளில் தடித்த பதிவேடுகளில் மையால் எழுதப்பெற்றவை இப்பொழுது கணினியின் தரவுத்தளங்களில் உறைகின்றன. ஏடு மாறினும் வரிகளும் பத்திகளும் மாறவில்லை. ஆயினும், பல ஏடுகளை ஒருங்கே நோக்கி ஒரு வினாவிற்கு விடை காணும் முறையிற் பெரியதொரு மாறுதல் நேர்ந்துள்ளது. எழுத்தர் இருவர் பகல் முழுதும் ஏடு புரட்டிச் செய்த வேலையை, எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியில் அமைந்த ஒரே வாக்கியம் இமைப்பொழுதிற் செய்து முடிக்கின்றது. அவ்வாக்கியத்தின் ஆற்றலை நம் மாணாக்கர் அஞ்சாது கையாளுதல் வேண்டும் என்பதும், அது ஓசையின்றிச் செய்யும் ஒரு தீங்கினை அதனினும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் எமது கருத்து. இவ்விரண்டனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், செய்திகளை ஒரே அட்டவணையில் வையாது பலவாகப் பிரித்து வைப்பது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மாணாக்கர் ஒருவர் ஆண்டில் மூன்று தவணைகளாகக் கட்டணம் செலுத்துகின்றார். ஒவ்வொரு ரசீதின் வரியிலும் அவருடைய பெயர், தந்தையார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப எழுதிவைத்தால், அவர் வீடு மாறிய அன்று மூன்று இடங்களிலும் திருத்துதல் வேண்டும். இரண்டைத் திருத்தி ஒன்றை மறந்தால், ஒரே மாணாக்கருக்கு இரண்டு விலாசங்கள் உண்டாகும். அவற்றுள் எது மெய் என்று ஏடு கூறமாட்டாது. ஆதலின், ஒரு செய்தி ஓரிடத்திலேயே இருத்தல் வேண்டும் என்பது தரவுத்தளம் அமைப்போரின் முதற்கொள்கையாயிற்று. மாணாக்கர் அட்டவணையில் ஆளொன்றுக்கு ஒரு வரி. ரசீது அட்டவணையில் ரசீதொன்றுக்கு ஒரு வரி. இரண்டனையும் பிணைப்பது பதிவெண். இங்ஙனம் பிரித்தபின், இன்னார் இவ்வாண்டு எவ்வளவு செலுத்தினார் என்னும் எளிய வினாவும் இரண்டு அட்டவணைகளைத் தழுவியதாகின்றது.

இம்முறைக்கு அடிகோலியவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் 1923-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்திற் பணிபுரிந்தார். 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான இவரது கட்டுரை, பெருந்தொகையான செய்திகளையெல்லாம் எளிய அட்டவணைகளாகவே கருதலாம் என்றும், அவற்றைக் கணித முறையால் இணைத்தும் பிரித்தும் விடை பெறலாம் என்றும் நிறுவிற்று. அதற்கு முன்னர்ச் செய்திகள் மரக்கிளை போன்றோ வலை போன்றோ பின்னப்பட்டிருந்தன. நிரல் எழுதுவோர் ஒவ்வொரு கண்ணியையும் பற்றிச் சென்று வேண்டியதை எடுத்தல் வேண்டும். அத்துறையில் முன்னோடியாய் விளங்கிய சார்லஸ் பாக்மன், 1973-ஆம் ஆண்டில் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில், நிரல் எழுதுவோரைக் கலஞ்செலுத்தும் மாலுமிக்கே ஒப்பிட்டார். காட் அவர்களோ அம்மாலுமித் தொழிலையே வேண்டாவென்றார். வேண்டுவது யாது என்பதை மட்டும் மனிதன் கூறுதல் வேண்டும். எவ்வழிச் சென்று எடுப்பது என்பதைப் பொறி தானே தெரிந்துகொள்ளுதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 1981-ஆம் ஆண்டில் அவருக்கும் டூரிங் பரிசு கிடைத்தது.

அக்கொள்கைக்கு நாவளித்தவர் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் என்னும் இருவர். இவர்கள் 1974-ஆம் ஆண்டில் 'சீக்வல்' என்னும் மொழியை வெளியிட்டனர். பாய்ஸ் அவ்வாண்டிலேயே இளம்பருவத்திற் காலமானார். அப்பெயர் வேறொருவர்க்கு வணிகக் குறியாய் உரியதாதலின், பின்னர் எஸ்.க்யூ.எல். எனச் சுருங்கிற்று. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரநிலையாகவும், 1987-ஆம் ஆண்டில் உலகத் தரநிலையாகவும் ஏற்கப்பெற்ற இம்மொழியில், 'ஜாயின்' என்னும் இணைப்புச்சொல் 1992-ஆம் ஆண்டுத் தரநிலையில் வெளிப்படையாக இடம்பெற்றது. மாணாக்கர் பெயரையும் அவர்தம் ரசீதுத் தொகைகளையும் ஒருங்கே பெற விழைவோன் இந்நாளில் எழுதுவது இவ்வளவே: செலக்ட் பெயர், தொகை ஃப்ரம் மாணாக்கர் ஜாயின் ரசீது ஆன் மாணாக்கர்.பதிவெண் = ரசீது.பதிவெண். இன்ன பத்திகள் வேண்டும். இன்ன அட்டவணைகளிலிருந்து வேண்டும். இன்ன பதிவெண் ஒத்த வரிகளைச் சேர்க்க என்பது இதன் பொருள். மூன்றாவது, நான்காவது அட்டவணைகளும் வேண்டின், இணைப்புச்சொல்லையும் நிபந்தனையையும் மேலும் மேலும் தொடுத்துக்கொண்டே போகலாம்.

நிற்க. இத்துணை எளிய கருவி கையிலிருந்தும், கணினி பயிலும் இளைஞருட் பலர் இதனைத் தவிர்த்து வேறொரு வழியிற் செல்கின்றனர். முதலில் மாணாக்கர் அனைவரையும் ஒரு வினாவாற் பெறுகின்றனர். பின்னர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ரசீதினை வினவுகின்றனர். ஆயிரம் மாணாக்கர் உளரெனின், ஆயிரத்தொரு முறை தரவுத்தளத்தின் வாயிலைத் தட்டுகின்றனர். கடைக்கு ஒரு சீட்டெழுதி அனுப்பாது, உப்புக்கு ஒருமுறையும் புளிக்கு ஒருமுறையும் மிளகாய்க்கு ஒருமுறையும் ஆளனுப்புதல் போன்றது இது. வகுப்பறையில் இருபது பெயரை வைத்துப் பழகும்போது இக்குறை தோன்றுவதில்லை. மெய்யான அலுவலகத்திற் புகும்போது திரை அசையாது நிற்கின்றது.

காலம் வீணாதல் மட்டுமன்று. முதல் வினாவிற்கும் ஆயிரத்தொன்றாம் வினாவிற்கும் இடையே எவரேனும் ஒரு ரசீதினைப் பதிவு செய்யலாம்; மற்றொன்றை நீக்கலாம். அப்போது கிடைக்கும் விடை எந்த ஒரு கணத்தின் உண்மையும் அன்று. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் முதலிய தரவுத்தளங்களில் ஒற்றை வாக்கியமாய் வினவினால், அது தொடங்கிய கணத்தில் இருந்த நிலையையே முற்றும் காட்டும். அன்றியும், வழி தேர்வதிற் பொறிக்குள்ள திறமை நமக்கு எளிதில் வாராது. மூன்று அட்டவணைகளை ஒன்றன்பின் ஒன்றாய் 6 வகையில் வரிசைப்படுத்தலாம். ஐந்தாயின் 120 வகை. பத்தாயின் 36,28,800 வகை. இவற்றுள் எவ்வரிசையிற் சென்றால் உழைப்புக் குறையும் என மதிப்பிட்டுத் தெரியும் முறையை, பட்ரீஷியா செலிங்கர் என்னும் அம்மையாரும் அவர்தம் தோழர்களும் 1979-ஆம் ஆண்டிலேயே வகுத்துக் காட்டினர். அவ்வம்மையாரின் வழிவந்த அறிவு இன்றைய தரவுத்தளங்கள் பலவற்றினுள்ளும் இருக்கின்றது. வினாவை ஆயிரம் துண்டாக்கி அனுப்புவோன் அவ்வறிவை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றான்.

நீண்ட வாக்கியம் படித்தற்கு அரிது என்பார் கூற்றையும் யாம் மறுக்கின்றிலோம். ஆயின், 1999-ஆம் ஆண்டுத் தரநிலை முதலாக 'வித்' என்னும் சொல்லால் ஒவ்வொரு படிக்கும் பெயரிட்டுப் பகுத்தெழுதும் வசதி உளது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு வினாக்களை ஒன்றாக்குதல் வேண்டும் என்று யாம் கூறவுமில்லை. வினா ஒன்றாயின் வாக்கியமும் ஒன்றாதல் நன்று என்பதே எம் கருத்து.

இதுகாறும் கூறியது இணைப்பின் நன்மை. இனி அதன் தீங்கினைக் கூறுவாம். இக்கட்டுரை எழுதப் புகுந்தது பெரிதும் இதற்காகவே. மேலே காட்டிய கல்லூரியில் ஆயிரம் மாணாக்கர் பயில்கின்றனர் என்றும், ஆண்டுக் கட்டணம் ரூ. 30,000 என்றும் கொள்க. வறிய மாணாக்கர்க்கு உதவித்தொகை வழங்கக் கருதிய முதல்வர், கட்டணத்திற் பாதியேனும் செலுத்த இயலாதவர் பட்டியலைக் கேட்கின்றார். அலுவலகத்தில் உள்ளவர் மாணாக்கர் அட்டவணையையும் ரசீது அட்டவணையையும் பதிவெண்ணால் இணைத்து, ஒவ்வொருவரும் செலுத்தியதைக் கூட்டி, ரூ. 15,000-க்குக் குறைந்தோரைத் தெரிந்தெடுக்கின்றார். வாக்கியம் பிழையற்றது, பொறி தடையின்றி விடை தருகின்றது, பட்டியலில் 110 பெயர்கள் உள. முதல்வரும் கையொப்பமிடுகின்றார்.

இதில் விடுபட்டோர் எவர்? ஒரு காசும் செலுத்த இயலாதவர். அவர்கட்கு ரசீதே இல்லை. ரசீது அட்டவணையில் அவர்தம் பதிவெண்ணுக்கு ஒத்த வரி இல்லை. இரு பக்கமும் ஒத்த வரிகளை மட்டுமே சேர்ப்பது சாதாரண இணைப்பின் இயல்பாதலின், அவர்கள் விடையினின்றும் மறைந்துபோயினர். அத்தகையோர் 60 பேர் எனின், மெய்யான பட்டியலில் 170 பெயர் இருத்தல் வேண்டும். மிகவும் வறியவரைத் தேடப் புகுந்த வினா, அவருள்ளும் மிக வறியவரையே விலக்கிவிட்டது. பொறி எச்சரிக்கவில்லை, எச்சரிக்கவும் மாட்டாது, ஏனெனின், கேட்டதையே அது தந்தது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 'லெஃப்ட் ஜாயின்' என்னும் இடப்புற இணைப்பு, அச்சொல்லுக்கு இடப்பக்கத்தே நிற்கும் அட்டவணையின் வரி ஒன்றையும் கைவிடாது. மாணாக்கரை இடப்பக்கத்தில் நிறுத்தினால், ரசீது இல்லாதாரும் விடையில் நிலைப்பர். அவர்தம் தொகை நிற்கவேண்டிய இடம் மட்டும் 'நல்' எனப்படும் வெறுமையாய் இருக்கும். ஆயின், இதனாலும் இடர் முற்றும் நீங்கியதில்லை. வெறுமை என்பது பூச்சியம் அன்று. அறியப்படாதது என்பதே அதன் பொருள். வெறுமை ரூ. 15,000-க்குக் குறைந்ததோ என்று வினவினால், ஆம் என்றும் கூறாது, இல்லை என்றும் கூறாது, தெரியாது என்றே பொறி விடை தரும். தெரியாது என்ற வரியை விலக்கியும் விடும். ஆகவே, இடப்புற இணைப்பால் உள்ளே வந்த அறுபதின்மரும் அடுத்த வாயிலில் மீண்டும் வெளியேற்றப்படுகின்றனர். 'கோயலெஸ்' என்னும் சொல்லால், கூட்டுத்தொகை வெறுமையாயின் அதனைப் பூச்சியமாகக் கொள்க எனக் கூறிய பின்னரே அவர்கள் பட்டியலில் இடம்பெறுவர்.

மூன்றாவது வாயில் ஒன்றும் உண்டு. இவ்வாண்டு ரசீதுகள் மட்டும் என்னும் நிபந்தனையை, வாக்கியத்தின் பிற்பகுதியில் 'வேர்' என்னும் சொல்லின்கீழ் எழுதினால், ரசீதே இல்லாதவரின் வெறும் வரி அந்நிபந்தனைக்கு ஒவ்வாது வீழும். இடப்புற இணைப்பு எழுதியும் எழுதாததே போலாகும். அந்நிபந்தனையை 'ஆன்' என்னும் சொல்லையடுத்து, இணைப்பின் பகுதியாகவே எழுதுதல் வேண்டும். சொல் ஒன்று இடம் மாறுவதால் மாணாக்கர் அறுபதின்மர் இருப்பதும் இல்லாமற்போவதும் நேர்கின்றது.

குறைதலேயன்றி மிகுதலாலும் இழப்பு உண்டாகும். முதல்வர், முன்னரே உதவி பெற்றோர் எவ்வளவு பெற்றனர் என்பதனையும் உடன் காட்டுக என்றார் எனக் கொள்வோம். அலுவலகத்தினர் உதவி அட்டவணையையும் அதே வாக்கியத்தில் தொடுக்கின்றனர். ஒரு மாணாக்கர் ரூ. 4,000 வீதம் 3 முறை கட்டணம் செலுத்தினார்; ரூ. 2,500 வீதம் 2 முறை உதவி பெற்றார். அவர் செலுத்தியது ரூ. 12,000, பெற்றது ரூ. 5,000. ஆயின், மூன்று ரசீதும் இரண்டு உதவியும் பதிவெண் ஒன்றினாலேயே இணையும்போது, ஒவ்வொரு ரசீதும் ஒவ்வோர் உதவியோடும் சேர்ந்து 6 வரிகள் பிறக்கின்றன. அவற்றைக் கூட்டினால், செலுத்தியது ரூ. 24,000 என்றும், பெற்றது ரூ. 15,000 என்றும் காட்டும். பாதிக்கும் குறைவாய்ச் செலுத்தியவர் பாதிக்குமேற் செலுத்தியவராகிப் பட்டியலினின்றும் நீங்குகின்றார். இருமுறையேனும் உதவி பெற்றவர்க்கே கட்டணத்தொகை இங்ஙனம் பெருகும் என்பதை உன்னுக. அஃதாவது, வறுமை முன்னரே மெய்ப்பிக்கப்பட்டவரையே இப்பிழை தேடிச்சென்று தாக்குகின்றது. ரசீதுகளைத் தனியே மாணாக்கர்க்கு ஒரு வரியாகக் கூட்டி, உதவிகளையும் அவ்வாறே தனியே கூட்டி, அதன்பின் இணைத்தால் இப்பிழை நேராது.

இணைப்பு நிபந்தனையையே மறந்தவன் அடையும் விளைவு வேறு. ஆயிரம் மாணாக்கரும் நாற்பது பாடங்களும் கண்மூடித்தனமாய்க் கலந்து 40,000 வரிகளாய்ப் பெருகும். ஆயின், அப்பிழை கண்டோர்க்கு உடனே புலனாம், திருத்தப்படும். அஞ்சத்தக்கது நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்தாய், பார்வைக்கு ஒழுங்காய் நிற்கும் விடையே. அங்கே இல்லாதவர் தாம் இல்லை என்பதைக் கூற அங்கே இல்லை.

இக்காலத்தில் வினவல் வாக்கியங்களையும் எழுதித்தரும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்துவிட்டனவே, மாணாக்கர் இவற்றைக் கற்று வருந்துதல் எற்றுக்கு என்பார் உளர். அப்பொறிகள் இலக்கணப் பிழையற்ற வாக்கியத்தை விரைவில் தருகின்றன என்பது மெய்யே. ஆயின், மேலே கண்ட முதல் வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இல்லை என்பதை மறத்தலாகாது. ரசீது இல்லாதவர் கணக்கிற் சேர்தற்குரியரோ அல்லரோ என்பது மொழியைப் பற்றிய வினா அன்று. கல்லூரியைப் பற்றிய வினா. நூலகத்திற் புத்தகம் எடுத்தோர் பட்டியல் வேண்டின், எடாதவர் விடுபடுதலே முறை. கட்டணம் செலுத்த இயலாதார் பட்டியல் வேண்டின், அவர் விடுபடுதல் கொடுமை. இவ்வேறுபாட்டை வினவுவோனே அறிந்து கூறுதல் வேண்டும். பிறர் எழுதித்தந்த வாக்கியத்தைச் சோதிப்பதற்கு, தானே எழுதுவதற்கு வேண்டிய அறிவிற் குறைந்தது போதாது.

ஆதலின், கல்லூரிகள் இதன்பொருட்டுச் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிப்பாம். முதலாவது, இப்பயிற்சி கணினித்துறை மாணாக்கர்க்கே உரியதென ஒதுக்கலாகாது. வணிகவியல், பொருளியல், வரலாறு பயில்வோருள் எத்துணையோ பேர் நாளை அலுவலகங்களிற் பட்டியல் எடுக்கும் இடத்தில் அமர்வர். இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. எஸ்.க்யூ.லைட் என்னும் தரவுத்தளம் விலையின்றி யாவர்க்கும் கிடைப்பது. சிறிய கணினியிலும் இயங்குவது. மூன்று அட்டவணைகளும் ஒரு திங்கட் பயிற்சியும் இருப்பின், இக்கட்டுரையிற் கூறியன யாவும் கைவந்துவிடும்.

இரண்டாவது, தேர்வு வினாக்களின் போக்கு மாறுதல் வேண்டும். இணைப்பின் வகைகளைக் கூறி விளக்குக என்னும் வினாவிற்கு நெட்டுருச் செய்தோன் முழு மதிப்பெண் பெறுகின்றான். ஒரு வாக்கியத்தையும் இரண்டு சிறு அட்டவணைகளையும் கொடுத்து, இவ்விடையில் இடம்பெறாதவர் எவர், அவர் இடம்பெறாமை முறையோ என்று கேட்டால், நெட்டுரு துணைசெய்யாது.

மூன்றாவது, மனிதரைப் பற்றிய எந்தப் பட்டியலின் அடியிலும் எண்ணிக்கை எழுதும் வழக்கம் வருதல் வேண்டும். மாணாக்கர் மொத்தம் 1,000. இணைத்தபின் நின்றோர் இத்துணையர். நிபந்தனைக்கு உட்பட்டோர் இத்துணையர். உட்படாதோர் இத்துணையர் என எழுதிக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். கூட்டுத்தொகை ஆயிரம் ஆகாவிடின், எவரோ வழியில் வீழ்ந்துவிட்டார் என்பது தெளிவு. பழைய கணக்கர் நாள்தோறும் கையிருப்பை எண்ணி ஏட்டோடு ஒத்துப்பார்த்த பின்னரே பெட்டியைப் பூட்டினர். நம் கருவி புதிதாயிற்று என்பதற்காக அவ்வொழுக்கத்தைக் கைவிடுதற்குக் காரணம் யாதும் இல்லை. இதற்குத் தனி வாக்கியம் ஒன்று எழுதினாற் போதும். ஒரு நிமிட வேலை.

இக்கல்லூரியிற் பயின்று பல அலுவலகங்களிற் பொறுப்புடன் விளங்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் மேசைக்கு நாள்தோறும் பட்டியல்கள் வருகின்றன: ஓய்வூதியம் பெறுவோர், தடுப்பூசி போட்டுக்கொண்டோர், கடன் தீர்க்காதோர், வருகை குறைந்தோர் எனப் பலவாறாக. அவற்றிற் கையொப்பமிடுமுன், இதில் வராதவர் எத்துணையர் என்று ஒருமுறை கேளுங்கள். பட்டியல் எடுத்தவர் உடனே விடை கூறுவாராயின் மகிழ்ந்து கையொப்பமிடுக. அவர் தயங்குவாராயின், அத்தாளைத் திருப்பிக் கொடுத்து மறுநாள் வரச் சொல்லுக. ஒரு நாட் காலத்தாழ்வினால் எவர்க்கும் பெருங்கேடு விளையாது. பெயர் விடுபட்ட மாணாக்கர்க்கோ ஓர் ஆண்டே போய்விடும்.